கோபுரத்தின் காலடியை அளந்தார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்னல் தாக்கும்போது உயரழுத்த மின்பாதைகளில் எழும் மிகை மின்னழுத்தத்தைக் கணினி மாதிரியில் கணிப்பது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மின்னலைகள் கம்பியில் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஓடுவதையும், கோபுரத்துக்குக் கோபுரம் மோதித் திரும்புவதையும் கட்டுரையாளர் அழகாக விளக்கியிருந்தார். ஆனால் கோபுரத்தின் காலடி மின்தடையை, அதாவது அதன் அடியிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் மின்னோட்டத்துக்கு உள்ள தடையை, 10 ஓம் என்று ஒரே வரியில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். மின்பாதைப் பராமரிப்பில் காலம் கழித்த எனக்கு அந்த வரியைக் கடக்க முடியவில்லை.

கோபுர உச்சியில் 30 கிலோஆம்பியர் மின்னல் விழுவதாகக் கொள்வோம். ஒரு மின்னலின் முதல் வீச்சுக்கு அது நடுத்தர அளவுதான். கோபுர உச்சிகளை இணைத்து ஓடும் மின்னல் காப்புக் கம்பியான எர்த் வயரின் இரு பக்கமும் சேர்ந்து, ஓடும் மின்னலைக்குச் சுமார் 200 ஓம் தடை காட்டும்; இதுவே அலைமறிப்பு. காலடி 10 ஓம் என்றால் கோபுரத்தில் 300 கிலோவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகவே ஏறும். 230 கிலோவோல்ட் பாதையின் மின்கம்பியைக் கோபுரத்தில் தொங்கவிடும் இன்சுலேட்டர் சரம் அதை எளிதில் தாங்கும். காலடி 100 ஓம் என்றாலோ 2000 கிலோவோல்ட். எர்த் வயர் தொடாமலே தூண்டுவதால் மின்கம்பியிலும் ஓரளவு அழுத்தம் ஏறுவதைக் கழித்தாலும் சரம் தாங்காது. கோபுரத்திலிருந்து கம்பிக்கே மின்பொறி பாயும். இது கைக்கணக்குதான், கோபுரத்தின் சொந்த அலைமறிப்பையும், பெரும் மின்னோட்டத்தில் மண் அயனியாகித் தடை குறைவதையும் இதில் நான் சேர்க்கவில்லை.

கோடை மழையில் அடிக்கடி டிரிப் ஆன ஒரு பாதையில், பாறை மேட்டில் நின்ற கோபுரமொன்றின் இன்சுலேட்டர் சர டிஸ்க்குகளில் கருகல் தழும்பைப் பார்த்தோம். பதிவேட்டில் அதன் காலடித் தடை 6 ஓம். எர்த் வயரைப் பிரிக்காமலே எர்த் மெக்கர் என்ற மண்தடை அளக்கும் கருவியை வைத்து அளந்திருந்ததால், அக்கம்பக்கக் கோபுரங்களின் தடைகளும் இணையாகச் சேர்ந்து அந்த எண்ணைக் குறைத்துக் காட்டியிருக்கின்றன. பிரித்து அளந்தபோது 70 ஓமைத் தாண்டியது. மின்னலுக்கு அந்த அக்கம்பக்க உதவி நேரத்தில் கிடைப்பதில்லை: 300 மீட்டர் தள்ளி நிற்கும் கோபுரத்துக்குப் போய் அலை திரும்ப 2 மைக்ரோவினாடி ஆகும், சரத்தில் பொறி பாய அதற்குள்ளாகவே வாய்ப்புண்டு.

ஆகவே கட்டுரையாளர் அதே மாதிரியை 50 ஓமுக்கும் 100 ஓமுக்கும் ஓட்டி முடிவுகளை வெளியிட வேண்டும். 10 ஓம் என்பது அளந்த எண்ணா, வடிவமைப்பு ஏட்டில் இருந்த எண்ணா, அளந்தது என்றால் எர்த் வயரைப் பிரித்து அளந்ததா என்பதையும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பொறியாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி