சமய ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். நூமென் (1954 முதல் வருகிறது) போன்ற சமயவியல் ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்ப நினைப்பவர்கள் வரும் ஞாயிறு மாலை 6 மணிக்குள் வரைவைக் குழுவில் பகிருங்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் சொல்லட்டும், அப்புறம் இதழுக்கு அனுப்பலாம்.

1. கோப்பிலிருந்து பெயர், நிறுவனம், நன்றியுரை மூன்றையும் நீக்குங்கள். பெரும்பாலான இதழ்களில் மதிப்பீட்டாளருக்கு நீங்கள் யாரென்று தெரியக் கூடாது. "என் முந்தைய கட்டுரையில் சொன்னபடி" என்ற ஒரு வரியே காட்டிக்கொடுத்துவிடும்.
2. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்ப வேண்டாம்.
3. சுருக்கம், திறவுச்சொற்கள், மேற்கோள் முறை எல்லாம் அந்தந்த இதழின் விதிப்படி.
4. இதுதான் முக்கியம். ஒரு நம்பிக்கை உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வதும், அதற்காகப் பரிந்து பேசுவதும் இங்கே வேலை இல்லை. மக்கள் என்ன செய்கிறார்கள், எந்தச் சூழலில், ஏன் என்று விளக்குங்கள். நல்ல தரவு கையில் இருந்தும் இந்த இடத்தில் சறுக்கினால் கட்டுரை திரும்பி வந்துவிடும்.
5. நேர்காணல் எடுத்திருந்தால், பேசியவர்களின் ஒப்புதல் கட்டாயம்.

அனுப்புபவர்கள் வெள்ளிக்குள் தலைப்பையும் இதழின் பெயரையும் இங்கேயே பதிலிடுங்கள். படித்துக் கருத்துச் சொல்ல மட்டும் முடியும் என்றாலும் சரி, "வாசிக்கிறேன்" என்று ஒரு வார்த்தை போடுங்கள்.