நந்தன் நாடகம் போடும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆண்டு விழாவுக்கு, சிதம்பரம் போகத் துடித்த தாழ்த்தப்பட்ட சிவபக்தர் நந்தனாரின் நாடகம் போடுவதாகவும், "மாடு தின்னும் புலையா உனக்கு மார்கழித் திருநாளா" என்று அவருடைய ஆண்டையான வேதியர் பாடும் இடத்தில் பேனா நின்றுவிட்டதாகவும் எழுதியிருந்தாய். வைப்பதா, எடுப்பதா? போனிலேயே சொல்லியிருக்கலாம். இதே குழப்பத்தில் வேறு டீச்சர்களும் இருப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

உன்னிடம் சொன்னதில்லை, எட்டாம் வகுப்பில் நான் வேதியர் வேஷம் கட்டியவன். நந்தனாக நடித்தவன் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருப் பையன். நல்ல குரல் என்று சொல்லித்தான் அவனைச் சேர்த்தார்கள். குரல் மட்டும்தான் காரணமா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. அந்த வரியை நான் பாடியதும் கூட்டத்தில் ஒரே சிரிப்பு, கைதட்டல். மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் அவன் குனிந்து குடித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து யாரோ அதே வரியை அதே ராகத்தில் பாடினார்கள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அவன் வாயைக்கூடத் துடைக்காமல், மார்பெல்லாம் ஈரமாகப் போய்விட்டான். அந்த வருஷம் முழுக்க அவனுக்கு அதுதான் பெயர்.

இதற்காக, இந்த வரி வரும் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியைக் குற்றவாளி ஆக்க எனக்கு மனம் வராது. நம் மாயவரத்துப் பக்கம் ஆனதாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். பெரியபுராணத்தில் இந்த வேதியரே கிடையாது. நாற்பது வேலி நிலத்தைக் காட்டி, வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிற ஆண்டையைப் பாரதிதான் படைத்தார். அப்படிப்பட்டவர்களைத் தேடி அவர் வெகுதூரம் போயிருக்க வேண்டியதில்லை. கடைசியில் அந்த வேதியரை நந்தன் காலில் விழவும் வைத்தார். 'புலையா' என்ற அந்தச் சொல்லை அழித்தால் ஆண்டை நல்லவனாகிவிடுவான்.

அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்தார்கள். மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் நாவலில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. 2011-இல் வந்த ஒரு பதிப்பு அதை எடுத்துவிட்டு 'அடிமை' என்று போட்டது. ஆனால் கதையில் அடிமையாகத் தப்பி ஓடும் ஜிம் ஏற்கெனவே விடுதலை ஆகிவிட்டவன் என்பது கடைசியில்தான் தெரியவரும். அடிமைத்தனம் தீர்ந்த பிறகும் அந்த வசவு தீரவில்லை. இரண்டும் ஒன்றா? கறுப்பினப் பிள்ளைகள் வகுப்பில் அந்தச் சொல்லைச் சத்தமாக வாசிக்கக் கேட்டுக் கூசிப்போனார்கள் என்பதும் நிஜம். அதைத் தொட்டாற்சிணுங்கித்தனம் என்பவர்களோடு எனக்கு ஒட்டாது.

நம்மிடமும் அதே பேச்சுதான். 'சண்டாளன்' என்ற சொல்லை வசவாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2024-இல் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் சொன்னபோது, "சும்மா திட்டுற வார்த்தைதானே" என்று நம் வீட்டிலேயே கேட்டார்கள். தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர் அது. எத்தனை சினிமா வசனத்தில் கேட்டுச் சிரித்திருக்கிறோம்!

சரி, உன் நாடகத்துக்கு வருகிறேன். புத்தகத்தில் அந்த வரி இருக்கட்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு, யார் பேசுகிறான், ஏன் பேசுகிறான் என்று விளக்கி வாசிக்க வை. மேடையில் வேண்டாம். பதின்மூன்று வயதுப் பையன் வாயில் அதைக் கொடுத்தால், மறுநாள் வேஷம் கலைந்திருக்கும், சொல் கலையாது. வேதியர் பதிலே சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகட்டும், போதும். பின்பாட்டில், நந்தனாரைத் திருநாளைப் போவார் என்று சொல்லும் சுந்தரர் வரியைச் சேர்த்துக்கொள்: "செம்மையே திருநாளைப் போவார்க்கும் அடியேன்." அவர் சாதியைச் சொல்லவே இல்லை, பார்.

அப்புறம், நந்தன் வேஷத்துக்கு எந்தப் பிள்ளையைப் போட்டிருக்கிறாய், ஏன் அந்தப் பிள்ளை என்று நீ எழுதவில்லை. அதை முதலில் எழுது.

அன்புடன்,
சித்தப்பா