பயோடேட்டால இல்லாத வருஷங்களைப் பத்தி கேளு

கண்ணு,

போன்ல நீ சொன்னதுக்கு அப்பவே பதில் சொல்ல முடியல, பக்கத்துல சித்தி குடும்பமே உக்காந்திருந்துச்சு, அதான் இப்ப நிதானமா டைப் பண்றேன். பிசிக்ஸ்ல பிஎச்டி முடிக்கப் போற நேரத்துல பயாலஜி பக்கம் போகலாமான்னு தோணுது, ஆனா போனா மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், கூடப் படிச்சவங்க எல்லாம் எங்கேயோ போயிடுவாங்கன்னு சொன்னியே, அதுவே மனசுல ஓடிட்டிருக்கு. முடிவு நீதான் எடுக்கணும். அதுக்கு முன்னாடி உங்க இன்ஸ்டிட்யூட்ல இருக்கற பெரியவங்க ரெண்டு மூணு பேரைப் பிடிச்சு உக்காந்து பேசுடா. ஆராய்ச்சியைப் பத்தியும் கேளு, அதோட அவங்க இந்த இடத்துக்கு எப்படி வந்து சேந்தாங்கன்னும் கேளு.

ரிட்டையர் ஆனதுலேர்ந்து சாயங்காலம் காய் நறுக்கும்போது யூடியூப்ல சயின்டிஸ்டுங்க இன்டர்வியூ போட்டு கேக்கறது எனக்கு வழக்கமாயிடுச்சு, நீ அங்க என்ன பண்றேன்னு கொஞ்சமாவது புரியணும்னுதான் ஆரம்பிச்சேன். அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போனவர் வெங்கி ராமகிருஷ்ணன். சிதம்பரத்துல பொறந்தவர், வளந்தது எல்லாம் பரோடா. ஐஐடியும் கிடைக்கல, வேலூர் சிஎம்சியும் கிடைக்கல, பரோடாவுலயே பிசிக்ஸ் படிச்சார். 1976-ல அமெரிக்காவுல ஒஹாயோ யுனிவர்சிட்டில பிசிக்ஸ் பிஎச்டி முடிச்சார், முடிச்ச கையோட எனக்கு இது வேண்டாம், பயாலஜிதான் வேணும்னு சான் டியாகோ போயி திரும்ப மாணவனா கிளாஸ்ல உக்காந்தார். பிஎச்டி கையில இருக்கு, கல்யாணம் ஆகி குடும்பமும் இருக்கு, அப்பதான் பயாலஜில அரிச்சுவடி படிக்கறார்! ரெண்டு வருஷம் படிச்சிட்டு அந்த டிகிரியையும் முடிக்காம யேல் யுனிவர்சிட்டில போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலைக்குப் போயிட்டார், அங்கதான் ரைபோசோம் வேலை ஆரம்பிச்சுது, ரைபோசோம்னா செல்லுக்குள்ள புரோட்டீன் தயாரிக்கற மிஷின் மாதிரி. அதுக்கப்புறமும் சுலபமா இல்ல, ஒரு 50 யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணி ஒண்ணும் கிடைக்கல, ஓக் ரிட்ஜ், புரூக்ஹேவன்னு அரசாங்க லேப்கள்ல வேலை பாத்தார். புரூக்ஹேவன்ல நிலையா உக்காந்தப்புறமும் கிறிஸ்டலோகிராஃபி, அதாவது படிகத்துல எக்ஸ்ரே விட்டு மூலக்கூறோட வடிவத்தைக் கண்டுபிடிக்கற வித்தை, அதைக் கத்துக்கணும்னு 90கள் ஆரம்பத்துல ஒரு வருஷம் லீவ் போட்டு கேம்பிரிட்ஜ் போனார், கிட்டத்தட்ட 40 வயசுல புது வித்தை. 1999-ல சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்லன்னு கேம்பிரிட்ஜுக்கே குடிபோனார், ஏன்னா அங்க ஆராய்ச்சிப் பணம் கேட்டு அடிக்கடி கிராண்ட் விண்ணப்பம் எழுதிட்டிருக்காம ஒரே கேள்வியோட நிம்மதியா உக்காரலாம். 2000-ல ரைபோசோமோட சின்னப் பாதி எப்படி இருக்குன்னு அணு அணுவா காட்டிட்டார், 2009-ல நோபல் வந்துச்சு.

நீ யோசிச்சுப் பாரு, அந்த பிசிக்ஸ் வருஷங்கள் எங்கயும் போகல. யேல்ல அவர் பண்ணது நியூட்ரானை வச்சு ரைபோசோம்ல எந்த புரோட்டீன் எங்க உக்காந்திருக்குன்னு அளக்கற வேலை, அப்புறம் எக்ஸ்ரே, எல்லாத்துக்கும் அடியில பிசிக்ஸ்தானே.

கேட்டலின் கரிக்கோ கதை வேற மாதிரி, அதைக் கேட்டப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. ஹங்கேரில கசாப்புக்காரர் பொண்ணு, 1985-ல அங்க வேலை போனதும் காரை வித்து, வந்த 900 பவுண்டை மகளோட கரடி பொம்மைக்குள்ள வச்சுத் தைச்சு, புருஷனையும் ரெண்டு வயசுப் பிள்ளையையும் கூட்டிட்டு அமெரிக்கா போனாங்க. எம்ஆர்என்ஏ-ன்னு ஒரே பிடி, எந்த புரோட்டீனைச் செய்யணும்னு செல்லுக்குச் சொல்ற செய்தி மாதிரி அது, கிராண்ட் எதுவும் வரல, 1995-ல பென்சில்வேனியா யுனிவர்சிட்டில பதவியைக் குறைச்சாங்க. அப்புறம் ஜெராக்ஸ் மிஷின் பக்கத்துல பேச்சுக் கொடுத்துப் பழக்கமானவர்தான் நோய் எதிர்ப்பு சக்தியை ஆராயற ட்ரூ வைஸ்மன். வெளியில செஞ்ச எம்ஆர்என்ஏ உடம்புக்குள்ள போனா நோய் எதிர்ப்பு சக்தி அதை எதிரின்னு நெனச்சு வீக்கத்தைக் கிளப்பிடும், அதுல எழுத்து மாதிரி இருக்கற யூரிடினுக்குப் பதிலா அதையே கொஞ்சம் மாத்தின சூடோயூரிடின் போட்டா அந்த கலாட்டா அடங்குதுன்னு ரெண்டு பேரும் 2005-ல பேப்பர் போட்டாங்க. அப்ப பெருசா யாரும் கண்டுக்கல. கோவிட் தடுப்பூசி வந்தப்புறம்தான் உலகத்துக்கே தெரிஞ்சுது, 2023-ல நோபல். அவங்க அம்மா வருஷா வருஷம் நோபல் அறிவிப்பைக் கேப்பாங்களாம், எம்பொண்ணு பேரு வரும்னு, அந்தம்மா 2018-லயே போயிட்டாங்க. நீ நோபல் வாங்கணும்னு நான் நெனைக்கல கண்ணு, அந்தம்மாவுக்கு மக வேலை மேல இருந்த நம்பிக்கை எனக்கு உன் வேலை மேல இருக்கு, அதைச் சொல்லத்தான் எழுதறேன்.

நம்ம ஊருப் பக்கம் பாத்தா ககன்தீப் காங், ரொம்ப வருஷம் வேலூர்லயே இருந்து, குழந்தைங்களுக்கு வர்ற ரோட்டா வைரஸ் வயித்துப்போக்கை விடாம ஆராய்ஞ்சவங்க, பொறந்த குழந்தைங்களை வருஷக்கணக்கா வீட்டுக்கே போய்ப் பாத்து கணக்கெடுத்த வேலை. அந்த மாதிரி ஒரே ஊர்ல ஊனி நின்னும் பண்ணலாம்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோ, மைக்கை நீட்டறது எல்லாம் ஜெயிச்சவங்க முன்னாடிதான். அம்பது இடத்துக்கு அப்ளை பண்ணி அம்பத்தொண்ணாவதும் கிடைக்காதவங்களை யாரும் கூப்பிட்டுக் கேக்கறதில்ல. அதனால உங்க லேப்லேர்ந்து கம்பெனிக்குப் போனவங்க, ஆராய்ச்சியே வேண்டாம்னு ஸ்கூல் டீச்சரா போனவங்க யாராவது இருந்தா அவங்ககிட்டயும் பேசு, அவங்க சொல்றதுதான் பல சமயம் ரொம்ப உபயோகமா இருக்கும். கேக்கும்போது மேலோட்டமா அட்வைஸ் சொல்லுங்கன்னு கேக்காத, அப்படிக் கேட்டா எல்லாரும் நல்லா உழைச்சா முன்னேறலாம்னு ஒண்ணையே சொல்வாங்க. காண்ட்ராக்ட் முடிஞ்சு அடுத்தது வர்ற வரைக்கும் வாடகை எப்படிக் கட்டினீங்க, குழந்தையை யாரு பாத்துக்கிட்டா, எந்த ப்ராஜெக்டை எப்ப கைவிட்டீங்க, அப்ப உங்க கைடு என்ன சொன்னார், இதை எல்லாம் கேளு. மூணாவது மாடில ஒரு புரொபசர் அம்மா உனக்கு டீ போட்டுக் கொடுப்பாங்கன்னு சொன்னியே, அவங்ககிட்டேர்ந்தே ஆரம்பி. இங்கிலீஷ்ல தயக்கமா இருந்தா கேள்வியை முன்னாடியே எழுதி வச்சுக்கோ, அவங்களும் சின்ன வயசுல யாரையோ இப்படித்தான் கேட்டிருப்பாங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

வீட்டைப் பத்தி யோசிக்காத. அப்பா பென்ஷனும் என் பென்ஷனும் எங்களுக்கு தாராளம், இடையில ஒரு வருஷம் சம்பளம் இல்லாம படிக்கணும்னா நாங்க பாத்துக்கறோம், அப்பாகிட்ட பேசிட்டேன், அவர் உடனே சரின்னுட்டார். கல்யாணப் பேச்சை யார் எடுத்தாலும் நான் பதில் சொல்லிக்கறேன், அதை நீ தலையில ஏத்திக்க வேண்டாம்.

அந்த புரொபசர்கிட்ட பேசினதும் என்ன சொன்னாங்கன்னு எனக்கு முழுசா சொல்லணும், வாய்ஸ் மெசேஜா அனுப்பினாலும் சரி, எவ்வளவு நீளமா இருந்தாலும் கேக்கறேன். பருப்புப்பொடி தீர்ந்திருந்தா சொல்லு, அடுத்த மாசம் பக்கத்து தெரு பையன் ஃப்ராங்க்ஃபர்ட் வர்றான், கொடுத்து விடறேன்.

அம்மா