புழல் ஏரியில் கலக்கும் கழிவுநீர் எங்கே போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம். புழல் ஏரியில் கழிவுநீர் கலப்பது பற்றிய செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 3,300 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரி அது, சென்னை குடிக்கிற தண்ணீர். கரையோரம் ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்துப் பார்த்தால் எப்படிப் போதும்? ஊரிலிருந்து வரும் நீரின் வெப்பமும் உப்பும் ஏரி நீரிலிருந்து மாறுபடும், கனமாக இருந்தால் மேலே தெரியாமல் அடியிலேயே ஊர்ந்து போய்விடும். அமெரிக்காவில் லாஸ் வேகஸ் நகரின் சுத்திகரித்த கழிவுநீர் மீட் ஏரிக்குள் அப்படித்தான் அமிழ்ந்து போகிறது.

இதைக் கண்டுபிடிக்க டாப்ளர் ஒலிக் கருவி இருக்கிறது. படகில் கட்டித் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பினால், மிதக்கும் துகள்களில் பட்டு எதிரொலி திரும்பும். அதன் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்து ஒவ்வொரு ஆழத்திலும் நீர் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். எதிரொலி பலமாக இருந்தால் கலங்கல் அதிகம் என்றும் ஓரளவு ஊகிக்கலாம். சரி, கிருமி இருக்கிறதா என்பதை ஒலி சொல்லாது, அதற்கு ஆய்வகம்தான் வேண்டும். ஆனால் எந்த ஆழத்தில் மாதிரி எடுப்பது என்பதை இது காட்டிவிடும்.

வடகிழக்குப் பருவமழை நேரத்தில், அம்பத்தூர், திருமுல்லைவாயல் பக்கத்துக் கால்வாய் வாய்களில் நீர்வளத் துறையும் குடிநீர் வாரியமும் சேர்ந்து இதைச் செய்து, முடிவுகளை மக்களுக்கு வெளியிட வேண்டும்.

- புழல் வாசகர்