ஏழு எபிசோடும் படித்துவிட்டேன், கலா

திருச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. பெரியவள் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவி சத்தமே கிடையாது. மல்லிகா மிஸ் ரிட்டயர் ஆகிவிட்டார். பிரிவு உபசார விழாவில் அதே பாட்டு, அதே இடத்தில் அதே இருமல். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் கையைக் கிள்ளியே புண்ணாக்கியிருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதி அனுப்பிய தொடரின் ஸ்கிரிப்டை முழுக்கப் படித்துவிட்டேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேச ஆரம்பிப்பாய், நான் சொல்லவந்தது நின்றுபோகும். அதனால்தான் கடிதம்.

முதல் எபிசோட் அற்புதம்டி. பெரியக்கா நகைப் பையைக் கட்டிலுக்கு அடியில் காலாலேயே தள்ளிவிட்டு, அதே மூச்சில் வந்தவரைப் பார்த்து "காபியா, டீயா?" என்று கேட்கிறாளே, அங்கே நிறுத்தி இரண்டு தரம் படித்தேன். இத்தனை வருஷம் மெகா சீரியலுக்கு வசனம் எழுதிய கைக்குத்தான் அது வரும். ஒரு வீட்டுக்குள் பொய் எப்படி நடமாடும் என்று உனக்கு அத்துப்படி.

இரண்டாவது எபிசோடிலிருந்துதான் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு எபிசோட் கடைசியிலும் ஒன்று வெடிக்கிறது. கிணற்றில் பிணம். பழைய போட்டோ. செத்துப்போனவன் நம்பரிலிருந்து போன். அடுத்த எபிசோட் தொடங்கி ஐந்து நிமிஷத்தில் அந்த வெடிக்கு ஒரு சமாதானம் சொல்லியாகிவிடுகிறது, அதோடு சரி. யாரும் மாறவில்லை, யாரும் எதையும் இழக்கவில்லை. கம்பெனியில் உன்னை அப்படித்தான் எழுதச் சொன்னார்கள் என்று தெரியும். எபிசோடுக்கு ஒரு ஹூக் இல்லாவிட்டால் ஜனம் அடுத்ததை அழுத்தாது என்பார்கள். நீயும் தலையாட்டியிருப்பாய். அதைப் பேசத்தான் நான் 'பெட்டர் கால் சால்', அதுதான் 'பிரேக்கிங் பேட்'டுக்கு முன்கதையாக வந்த அமெரிக்கத் தொடர், பார்த்து முடித்ததைச் சொல்லவேண்டியிருக்கிறது.

நீ மூன்றாவது சீசன் பாதியில் விட்டவள். கதையைச் சொல்லத்தான் போகிறேன், திட்டாதே. அந்தத் தொடரே முடிவு தெரிந்தவர்களுக்காக எடுத்ததுதானே? வக்கீல் ஜிம்மி மெக்கில் பின்னாளில் சால் குட்மேன் என்கிற திருட்டு வக்கீல் ஆவான் என்று நமக்கு முதல் நாளே தெரியும். மைக் எப்படிச் சாவான், கஸ் எப்படிச் சாவான் என்பதெல்லாம் 'பிரேக்கிங் பேட்'டில் பார்த்தாகிவிட்டது. அப்படியும் 63 எபிசோட், 2015-லிருந்து 2022 வரை இழுத்துப் பிடித்து உட்காரவைத்தார்கள். 'பிரேக்கிங் பேட்'டே 62-தான். அவர்களால் அது எப்படி முடிந்தது? ஜிம்மியின் காதலி, வக்கீல் கிம் வெக்ஸ்லரால். பழைய தொடரில் கிம் என்று ஒருத்தி இல்லவே இல்லை. பேச்சுக்குக்கூட அவள் பெயர் வராது. அப்படியானால் இவள் என்ன ஆனாள்? அவள் காரில் ஏறினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். யாரும் துப்பாக்கியைத் தூக்கவில்லை, எபிசோட் கடைசியில் எதுவும் வெடிக்கவில்லை, ஆனாலும் அந்தப் பயம் ஆறு சீசனும் கூடவே வந்தது.

ஒன்றுமில்லாத ஒன்றிலிருந்து கதை எடுப்பதிலும் இவர்கள் கெட்டிக்காரர்கள். 2009-ல் 'பிரேக்கிங் பேட்'டில் சாலைப் பாலைவனத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்களே, ஞாபகம் இருக்கிறதா? பயத்தில் உளறுவான், "நான் இல்லை, இக்னாசியோதான்" என்று. லாலோ அனுப்பினானா என்றும் கேட்பான். அந்த நேரத்தில் அது வெறும் உளறல். அந்த இரண்டு பெயரை எடுத்து, வருஷங்கள் கழித்து இரண்டு முழு மனிதர்களாக ஆக்கிவிட்டார்கள். நம் ஊரில் போன வாரம் யார் என்ன சொன்னார்கள் என்பதையே மறந்துவிடுகிறோம்.

நான் எழுத வந்தது வேறு. நீ பார்த்தவரைக்கும் உனக்கு ஞாபகம் இருக்கும் விசாரணை எபிசோட். பெரிய வக்கீலான சக் தன் தம்பி ஜிம்மிக்கு எதிராகச் சாட்சி சொல்ல உட்கார்ந்திருப்பான். மின்சாரம் பக்கத்தில் இருந்தால் உடம்பு எரியும் என்று நம்புகிற ஆள். அவனுக்கே தெரியாமல் அவன் சட்டைப்பையில் ஒரு செல்போன் பேட்டரி ஒரு மணி 43 நிமிஷமாக இருந்தது என்று ஜிம்மி காட்டிவிடுவான். சக் வெடித்துக் கத்துவான், கேமரா மெதுவாக, மெதுவாக அவன் முகத்துக்குப் பக்கத்தில் போகும், கத்தி முடித்த பிறகுதான் சுற்றியிருக்கும் முகங்களைப் பார்ப்பான். நம் கணக்கில் அது சுத்தமான இன்டர்வல் பிளாக். 'பாட்ஷா'வில் விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தபோது அடக்கிக்கொண்டு நின்ற மாணிக்கம், பிறகு கை ஓங்கும்போது தியேட்டர் எப்படி அலறியது! எத்தனை தடவை பார்த்தோம்! அந்த அடக்கலும் வெடிப்பும் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும், அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இங்கே அதற்கு இரண்டு எபிசோட் தள்ளி ஒரு சின்ன சீன் வருகிறது. அதைத்தான் நீ பார்க்கவேண்டும். ஒரு வருஷம் தொழில் பண்ணக்கூடாது என்று ஜிம்மியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வக்கீல்கள் கட்டுகிற இன்சூரன்ஸ் பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்த ஆபீசுக்குப் போகிறான். கிடையாது என்கிறார்கள். உடனே கண்ணீர் விட்டு அழுகிறான். அழுகையோடு அழுகையாக, தன் அண்ணன் விசாரணையில் எப்படி நிலைகுலைந்தான், வேலையில் எப்படித் தடுமாறுகிறான் என்று நழுவவிடுகிறான். அந்தப் பெண் குறித்துக்கொள்கிறாள். அவன் வெளியே போகிறான். அவ்வளவுதான். நம் எடிட்டிங் மேஜையில் முதல் வெட்டே அதற்குத்தான் விழும்.

அந்த அழுகையால் சக்கின் வக்கீல் கம்பெனி முழுவதற்கும் இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறுகிறது. கம்பெனியில் சக்கின் கூட்டாளி ஹோவர்ட், சக்கைப் போய் ஓய்வெடுக்கச் சொல்கிறான். சக் வழக்கு என்று மிரட்ட, ஹோவர்ட் சொந்தக் காசைக் கொடுத்து, ஆபீஸ் ஆட்களையெல்லாம் கூட்டி, கைதட்டி வழியனுப்புகிறான். தொழிலைத் தவிர வேறெதுவும் இல்லாத மனிதன் வீட்டுச் சுவர்களையெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு, கடைசியில் விளக்கு இருக்கிற மேஜையை உதைத்து, வீட்டோடு எரிந்துபோகிறான். பிறகு ஹோவர்ட் ஜிம்மியிடம் வந்து, என்னால்தான் சக் செத்தான் என்று குமுறுகிறான். ஜிம்மி என்ன செய்கிறான் தெரியுமா? அது நீ சுமக்கவேண்டிய பாரம் என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் மீனுக்குத் தீனி போட்டு, காபி போடுகிறான். எனக்கு உடம்பு சில்லிட்டுப்போனது. அந்த ஹோவர்டைத்தான் ஆறாவது சீசனில் ஜிம்மியும் கிம்மும் சேர்ந்து, அவன் பெயரைக் கெடுக்கத் திட்டம் போடுகிறார்கள்.

கிம் அந்தத் திட்டத்தை விட்டிருக்கலாம். ஏழைகளுக்கு வாதாட ஒரு பெரிய அமைப்பின் பணம் கிடைக்கவிருக்கிற கூட்டத்துக்குக் காரில் போய்க்கொண்டிருக்கிறாள். திட்டத்தில் ஓட்டை விழுந்துவிட்டது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று ஜிம்மி போனில் சொல்கிறான். இன்றைக்கே நடக்கும் என்று சொல்லி நடுச்சாலையில் காரைத் திருப்புகிறாள் பார், கலா, அவள் வாழ்க்கையே அந்தத் திருப்பத்தில் போயிற்று. மறு எபிசோடில் ஹோவர்ட், ஜிம்மி-கிம் வீட்டுக்கு வந்து நியாயம் கேட்டுக்கொண்டிருக்கும்போது மெழுகுவத்திச் சுடர் ஆடுகிறது. போதைமருந்துக் கும்பல்காரன் லாலோ உள்ளே வந்துவிட்டான். ஒரே குண்டு. ஹோவர்ட் காலி. வக்கீல் கதை ஒரு பக்கம், போதைமருந்துக் கும்பல் கதை ஒரு பக்கம் என்று அதுவரை பெரும்பாலும் தனித்தனியாக ஓடிய இரண்டும் அந்தச் சின்ன அறையில் வந்து முட்டிக்கொண்டன. கும்பல் கதை தெரியாத ஒருவன் அதில் செத்தான். அன்றைக்கு எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதுவும் ஹூக்தான், அதற்குப் பிறகு ஒரு மாசத்துக்கு மேல் தொடரை நிறுத்திவைத்துக் காக்கவைத்தார்கள். ஆனால் அது சும்மா வந்து விழவில்லையே, சக்கின் பேட்டரியிலிருந்து, அந்த இன்சூரன்ஸ் அழுகையிலிருந்து, காரைத் திருப்பியதிலிருந்து வருகிறது.

கடைசி எபிசோடைக் கேள். ஜிம்மி பேசிப் பேசியே தண்டனையை 7 வருஷத்துக்குக் குறைத்துவிடுகிறான். பிறகு கிம் பின்னால் உட்கார்ந்திருக்கிற கோர்ட்டில் எழுந்து, தானாகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். 86 வருஷம் ஆகிறது. போதைமருந்துக் கும்பலோடு செய்தவை எல்லாம் சொன்ன பிறகு அண்ணனைப் பற்றிச் சொல்கிறான், அந்த இன்சூரன்ஸ் விஷயத்தை. அவனுக்காக வாதாடுகிற வக்கீல், அது குற்றமே இல்லையே என்கிறான். ஆமாம், குற்றம்தான் என்கிறான் ஜிம்மி. 2017-ல் வந்த சீனுக்கு 2022-ல் பதில். நான் வாய்விட்டு அழுதேன், பெரியவள் புத்தகத்தோடு எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். இப்படிப்பட்ட தொடருக்கு எம்மி விருதில் 53 பரிந்துரை, ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. கிம்மாக நடித்த ரியா சீஹார்ன் ஏர்போர்ட் பஸ்ஸில் உடைந்து அழுகிற அந்த ஒரு சீனுக்கே கொடுத்திருக்கவேண்டும். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

இதையெல்லாம் உனக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு வருத்தமே. உன் வீட்டில் நடந்தது என்ன? உங்கப்பா பெரியவருக்காக ஒரு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு எல்லோரும் காபி குடித்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டுதான் போனார்கள், நானும் அங்கேதான் இருந்தேன். கடை போனது, மாடி வீடு போனது, உன் படிப்பு நின்றது, உன் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போனது, எல்லாம் அந்தக் கையெழுத்து. யாருக்கும் கிணற்றில் பிணம் கிடைக்கவில்லை. இதை வாழ்ந்து பார்த்தவள் நீ. நீ ஏன் செத்தவன் நம்பரிலிருந்து போன் வரவைக்கிறாய்?

வெடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'விடாது கருப்பு' வாரத்துக்கு ஒரு நாள் வந்த காலத்தில் அடுத்த வாரம் வரைக்கும் நாம் இரண்டு பேரும் ஹாஸ்டலில் யார் கருப்பு என்று சண்டை போட்டிருக்கிறோம். வாரக்கணக்கில் அந்தக் காத்திருப்பு தாங்கியதற்குக் காரணம், ஒவ்வொரு தண்டனைக்கும் பின்னால் யாரோ செய்த ஒரு தப்பு இருந்தது.

உன் கதையில் தப்பு முதல் எபிசோடிலேயே ரெடியாக இருக்கிறது, அந்த நகைப் பை. அதை நான்காவது எபிசோடில் எடுத்துத் திருப்பிக் கொடுத்து முடித்துவிட்டாய். கொடுக்காதே. ஐந்தாவதில் சின்ன மாப்பிள்ளைக்கு வேலை போகிறதே, இப்போது அதற்குக் காரணம் எவனோ மானேஜர். அந்தப் பையைத் தேடி வந்த சந்தேகம் அவன் மேல் விழுந்ததால் வேலை போகட்டும். பெரியக்காவுக்கு அது தெரியட்டும். தெரிந்தும் அவள் வாயைத் திறக்காமல், அவன் சாப்பிட வரும்போது பரிமாறட்டும். ஆறாவது எபிசோட் தானாக வரும். கிணற்றுப் பிணத்தை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும், நான் சீன் ஆர்டர் போட்டுப் பார்த்துவிட்டேன், பின்பக்கத்தில் பென்சிலில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கம்பெனிக்காரர்களுக்கு ஹூக்தானே வேண்டும்? மாப்பிள்ளை சாதத்தைப் பிசையும்போது பெரியக்கா முகத்தில் ஐந்தாவது எபிசோடை முடி. அடுத்ததை அழுத்தாமல் யார் போவார்கள் என்று பார்க்கிறேன்.

ஐந்தாவதை மாற்றி எழுதியதும் எனக்கு முதலில் அனுப்பு, அவர்களுக்கு அப்புறம். கூடவே மூன்றாவது சீசனை விட்ட இடத்திலிருந்து பார். பொங்கலுக்கு வருகிறாய்தானே? அண்ணியிடம் என் எவர்சில்வர் தூக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு வா, போன தடவை மாதிரி வெறுங்கையோடு வந்து நிற்காதே. அத்தைக்கு என் நமஸ்காரம், வாலுக்கு முத்தம்.

அன்புடன்,
விஜி