வாசலில் படம் ஒட்டினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் கடை வைத்திருக்கும் தமிழர்களுக்கு யோசனை சொல்லி சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது. துப்பாக்கி மேல் சிவப்புக் கோடு போட்ட படத்தை வாசலில் ஒட்டினால் போதும், மீறி வருபவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று அதில் ஒரு வரி. டாலஸ் பக்கம் காபிக்கடை நடத்தும் என் தங்கை மகன் அதைப் படித்த வாரமே ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, "வேலை முடிஞ்சுது மாமா" என்று எனக்குப் படம் அனுப்பினான். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நான் ஹூஸ்டன் பக்கம் 19 வருஷமாக மளிகைக்கடை நடத்துகிறேன். அதே படம் என் கதவிலும் இருந்தது. 2016 ஜனவரி 1 முதல் டெக்சஸில் லைசென்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி இடுப்பில் மாட்டிக்கொண்டு போகலாம் என்று ஆனது. அந்த வருஷமே ஒரு சனிக்கிழமை, இடுப்பு உறையில் துப்பாக்கியோடு ஒருவர் வந்து மாம்பழப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருந்த பெண் கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். போலீஸைக் கூப்பிட்டேன். வந்த அதிகாரி ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, லைசென்ஸ் உள்ளவரை இந்தப் படம் கட்டுப்படுத்தாது, நீங்கள் வாய் திறந்து வெளியே போகச் சொன்னீர்களா என்று கேட்டார். நான் சொல்லவில்லை. படத்தை நம்பி கல்லாவில் நின்றுகொண்டிருந்தேன்.

டெக்சஸ் தண்டனைச் சட்டத்தில் 30.06-ஆம் பிரிவு லைசென்ஸோடு துப்பாக்கியை மறைத்து எடுத்து வருபவரைத் தடுக்க, 30.07-ஆம் பிரிவு வெளியே தெரிய எடுத்து வருபவரைத் தடுக்க. இரண்டுக்கும் தனித்தனிப் பலகை வேண்டும். சட்டத்தில் உள்ள அதே வாசகம், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஒவ்வொரு எழுத்தும் குறைந்தது ஓர் அங்குல உயரத்தில், பளிச்சென்று தெரியும் நிறத்தில் இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்து நானே மாட்டினேன். இடம் போதாமல், இட்லி அரிசி தள்ளுபடி, சங்கத்துப் பொங்கல் விழா எல்லாவற்றையும் கதவிலிருந்து கிழித்தேன். 2021 செப்டம்பரில் லைசென்ஸே இல்லாமல் எடுத்துப் போகலாம் என்று சட்டம் வந்தபின், அவர்களுக்காக 30.05 பலகை ஒன்றும் சேர்ந்தது. இத்தனையும் சரியாக மாட்டியிருந்தாலும், மீறி வருபவருக்கு 200 டாலர் வரை அபராதம், அவ்வளவுதான். நாமே நேரில் போகச் சொல்லியும் போகாமல் நின்றால்தான் ஒரு வருஷம் வரை சிறைக்கு வழி.

ஒஹாயோவில் கதை வேறு. அங்கே இப்படி வார்த்தைக்கு வார்த்தை வாசகம் கேட்பதில்லை, தடைப் பலகையைத் தெரிந்தே மீறுவதே அத்துமீறல் குற்றம். மாநிலத்துக்கு மாநிலம் இப்படி மாறுவது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒவ்வொரு முறையும் "அமெரிக்கச் சட்டப்படி" என்றே எழுதுகிறீர்கள். 2019 ஆகஸ்டில் டெக்சஸின் எல் பாசோ நகரில் வால்மார்ட் கடையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 23 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த மாதம் அந்த நிறுவனம், துப்பாக்கியை வெளியே தெரிய எடுத்து வர வேண்டாம் என்று வாடிக்கையாளர்களிடம் கேட்டுக்கொண்டது. அதைத் தாங்கள் "தடை" என்று போட்டீர்கள். வேண்டுகோள் வேறு, சட்ட அறிவிப்பு வேறு என்று அப்போதே இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். பிரசுரிக்கவும் இல்லை, பதிலும் இல்லை. தீபாவளி மலருக்கு விளம்பரம் கேட்டு மட்டும் வருஷா வருஷம் ஃபோன் வருகிறது. நானும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். 14 வருஷச் சந்தாதாரன் எழுதியதை ஒருவராவது படித்துப் பார்த்தார்களா என்பதுதான் என் வருத்தம்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, டெக்சஸ் வாசகர்களுக்கு அந்தப் படம் மட்டும் போதாது, 30.05, 30.06, 30.07 மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு வரி வெளியிட்டால் போதும். நான் சொன்னால் என் மருமகன் நம்பமாட்டேன் என்கிறான், பத்திரிகையிலேயே போட்டிருக்கிறதே மாமா என்கிறான்.

இப்படிக்கு,
மளிகைக்கடைக்காரர் ஒருவர்,
ஹூஸ்டன், டெக்சஸ்