மகன், ஹேண்ட் பிரேக்கை முதல் பாரு

மகன்,

நீ போன் எடுக்காட்டிலும் பரவாயில்லை, இதை மட்டும் ஒருக்கா முழுசா வாசி. வொய்ஸ் அனுப்பினா பாதியில நிப்பாட்டிப் போடுவாய் எண்டு தெரியும், அதான் இருந்து டைப் பண்ணுறன், எழுத்துப் பிழையப் பாக்காத. அம்மாக்கு பிரஷர் இப்ப குறைவு. சின்ன மாமான்ர அலுவல் ஒருமாதிரி முடிஞ்சுது, அவையள் இனி இஞ்ச வரமாட்டினம், அதை விடு. இஞ்ச கொழும்பு வெள்ளவத்தையில பகல் முழுக்க வெக்கை, பின்னேரம் மழை, வேற புதினம் இல்லை.

காரைப் பற்றித்தான் எழுத வந்தனான்.

பொங்கலுக்கு நீ அனுப்பின போட்டோவில கார் நம்பர் வடிவாத் தெரியுது. அந்த நம்பரை உங்கட பிரிட்டன் அரசாங்க வெப்சைட்டில போட்டா எம்ஓடி, அதான் கார் ரோட்டில ஓடத் தகுதியா எண்டு வருசா வருசம் பாக்கிற டெஸ்ட், அந்த விசயம் முழுக்க வரும் எண்டு பெரியம்மான்ர குட்டி காட்டித் தந்தவள். எந்த வருசம் பாஸ், எதுக்குப் பெயில், டெஸ்டுக்குக் கொண்டு வரேக்க எத்தினை மைல் ஓடியிருக்கு, எல்லாம் கிடக்கு. உன்னை வேவு பாக்கிறன் எண்டு நினைக்காத, வாகனம் எண்டா என்னால பாக்காம இருக்க ஏலாது. போன முறை பாஸ், ஆனா கீழ அட்வைசரி எண்டு, கவனிச்சுக்கொள் எண்ட மாதிரி, போட்டு ஹேண்ட் பிரேக் லீவர் அளவுக்கு மிஞ்சி மேல வருது எண்டு எழுதியிருக்கு. இந்த முறை பெயில். பார்க்கிங் பிரேக்குக்குப் பலம் காணாதாம், மேஜர், அதாவது பெரிய பிழை எண்டு போட்டிருக்கு. அதுக்குப் பிறகு பாஸ் எண்டு ஒண்டும் ஏறேல்ல. இண்டைக்குக் காலமையும் பாத்தனான்.

ஒரு வருசம் முந்தியே எழுதித் தந்திருக்கிறாங்கள், நீ பாக்கேல்ல. உனக்கு நேரம் இல்லை எண்டு சொல்லுவாய். சரி. ஆனா இது பெரிய செலவு இல்லாத வருத்தம், விட்டாத்தான் பெரிசாகும்.

அந்த டெஸ்டில என்ன செய்யிறாங்கள் எண்டு நீ நிண்டு பாத்தியோ தெரியாது. பின் சில்லு ரெண்டையும் ரோலருக்கு மேல ஏத்தி, ரோலர் சுத்தேக்க ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுப்பாங்கள். ஒவ்வொரு சில்லும் எவ்வளவு பலமாப் பிடிக்குது எண்டு மெஷின் தனித்தனியாக் காட்டும். ரெண்டையும் கூட்டி கார்ட பாரத்தோட பாத்தா நூற்றுக்கு 16 வீதம் வரவேணும். உன்ர யாரிஸ் ஆயிரம் கிலோ எண்டு வை, 160 கிலோ இழுவை காணும். பெரிய கணக்கு இல்லை. நூறு அடி போக பதினாறு அடி ஏறுற ரோட்டில காரை நிப்பாட்டி வைக்கிற பலம், அவ்வளவுதான். நல்ல நிலையில இருக்கிற டிரம் பிரேக், அதான் சில்லோட சுத்துற சட்டி மாதிரியான டிரம்முக்கு உள்ள இருந்து பிடிக்கிற பிரேக், சில்லையே லொக் பண்ணிப் போடும், அப்பிடி ரெண்டும் லொக் ஆனாலும் பாஸ்தான். உன்ரது அந்தப் பதினாறுக்கும் வரேல்ல. அதில பாதிகூட வராட்டி டேஞ்சரஸ் எண்டு போடுவாங்கள், பிறகு அங்கயிருந்து காரை எடுத்து ஓட்டவே கூடாது. 2018இல இருந்து அந்தப் பிரிவு இருக்கு. உனக்கு மேஜரோட நிண்டது.

இப்ப கவனமா வாசி. கராஜுக்குக் கொண்டு போனா சில பேர் என்ன செய்வாங்கள் எண்டா, லீவருக்குக் கீழ இருக்கிற நட்டை இறுக்கிக் கேபிளை இழுத்து விட்டு, சரி எண்டு காசை வாங்கிப்போடுவாங்கள். அண்டைக்கு லீவர் நல்ல உயரத்தில நிக்கும், உனக்கும் சந்தோசமா இருக்கும். அது பிழை மகன். முதல் டிரம், பிறகுதான் கேபிள். டிரம்மைக் கழட்டி உள்ள பாக்கவேணும். டிரம்மை உள்ள இருந்து அமத்திப் பிடிக்கிற வளைஞ்ச துண்டுதான் ஷூ, அதில ஒட்டியிருக்கிற லைனிங் எவ்வளவு மிச்சம், தானா அட்ஜஸ்ட் ஆகிற அந்தப் பல்லுச் சக்கரம் கறள் பிடிச்சு இறுகிக் கிடக்கா, கால் பிரேக்கை அமத்தேக்க ஷூவத் தள்ளுற வீல் சிலிண்டர் கசியுதா. சிலிண்டர் ரப்பரைக் கொஞ்சம் தூக்கிப் பாத்தா விளங்கும், உள்ள ஈரமா இருந்தா பிரேக் ஒயில் வருது எண்டு அர்த்தம். அந்த ஒயிலும் பிரேக் தூசியும் சேர்ந்து கறுப்புக் களி மாதிரி ஷூவில ஒட்டியிருக்கும். அந்தப் பக்கம் எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது, வழுக்கும். கேபிளை இறுக்கி என்ன பிரயோசனம்.

எல்லாம் துடைச்சு, தேவை எண்டா ஷூ மாத்தி, கேபிளைத் தளர விட்டுட்டு டிரம்முக்குள்ள ஷூவ அட்ஜஸ்ட் பண்ண வேணும், கையால சில்லைச் சுத்தினா லேசா உரசுற சத்தம் கேக்கிற அளவுக்கு. பிறகு கால் பிரேக்கைப் பல தரம் அமத்தி விட்டுட்டுக் கடைசியாத்தான் கேபிள். கேபிளை முதல் இறுக்கினா ஷூ பழைய இடத்துக்குத் திரும்பாது, ஓடேக்க எப்பவும் உரசிக்கொண்டே இருக்கும், டிரம் சூடாகும், லைனிங் கருகிக் கண்ணாடி மாதிரி மினுங்கும், மினுங்கின லைனிங் பிடிக்கவே பிடிக்காது. உன்ர கார்ட போன வருசக் கதையையும் இந்த வருசக் கதையையும் சேத்துப் பாத்தா எனக்கு இதுதான் நடந்த மாதிரித் தெரியுது. அட்வைசரி போட்ட பிறகு ஆரோ கேபிளை மட்டும் இறுக்கியிருக்கிறாங்கள்.

ஷூ மாத்தினா ரெண்டு பக்கமும் மாத்தச் சொல்லு. ஒரு பக்கம் மட்டும் எண்டு சொன்னா அங்க செய்யாத, வேற இடம் பாரு. ரெண்டு பக்கமும்.

உங்கட குளிருக்கு இன்னொண்டு இருக்கு. ஐஸ் பிடிக்காம ரோட்டுக்கு உப்புப் போடுவாங்களெல்லே, அந்த உப்புத் தண்ணி கேபிள்ட வெளி உறைக்குள்ள போய் உள்ளுக்க இருக்கிற கம்பியக் கறளாக்கும். இழுத்தாப் பிடிக்கும், விட்டா முழுசா விடாது. நீ ஓடிப்போட்டு இறங்கின உடன பின் சில்லு ரெண்டுக்கும் கிட்டக் கையக் கொண்டு போய்ப் பாரு, தொடாத. ஒண்டு மட்டும் சூடா இருந்தா, அல்லது கருகின மணம் வந்தா, அந்தப் பக்கம் கேபிளோ ஷூவோ இறுகியிருக்கு. இது நீயே செய்யலாம், ஒரு சதம் செலவில்லை. லீவரை இழுக்கேக்க எத்தினை கிளிக் கேக்குது எண்டும் எண்ணு. கம்பெனிப் புத்தகத்தில கணக்குப் போட்டிருக்கும், அதுக்கு மேல போனா உள்ள தேஞ்சிருக்கு.

இஞ்ச தனியார் காருக்கு இப்பிடி ஒரு டெஸ்ட் இல்லாததுதான் எனக்குக் கவலை. 2008இல இருந்து வருசா வருசம் புகை டெஸ்ட் மட்டும் எடுக்கிறம், அது இருந்தா ரெவெனியூ லைசன்ஸ், அதான் வாகன வரிப் பத்திரம், கிடைக்கும். ஹேண்ட் பிரேக்கை ஒருத்தரும் தொட்டுப் பாக்கிறதில்லை. ஓட்டோ கியர் வந்த பிறகு கொழும்பில கன பேர் கியரைப் பீயில, அதான் பார்க்கிங்கில, போட்டுட்டு இறங்கிப் போகினம், ஹேண்ட் பிரேக்கை வருசக்கணக்கா இழுக்கிறதே இல்லை, இழுக்காமலே கேபிள் இறுகிப்போகுது. பிறகு கண்டிப் பக்கம் போய் மேட்டில நிப்பாட்டி, சில்லுக்குக் கல்லு வைக்கினம். 2020இல இறக்குமதிய நிப்பாட்டினதோட பழைய கார்களையே வைச்சு இழுத்தாங்கள், பஞ்சிகாவத்தைப் பார்ட்ஸ் கடைகளில நல்ல பிரேக் ஷூ ஒரு செட் தேடுறதே பெரும் பாடாப் போச்சு. உங்கட நாட்டில கட்டாயப்படுத்தி வருசத்துக்கு ஒருக்கா ரோலரில ஏத்துறாங்கள், புதுக் கார் பதிஞ்சு மூண்டு வருசம் ஆனாச் செய்யத்தான் வேணும். இதைத் தொல்லையா நினைக்காத. உன்ர காரை அக்கறையா ஒருத்தன் பாக்கிறான் எண்டு நினை.

பழைய சேர்ட்டிபிகேட் முடியிற திகதியும் கிட்டத்தான் இருக்கு. முடிஞ்ச பிறகு ஓடிப் பிடிபட்டா 1,000 பவுண் வரைக்கும் தண்டம் போடலாமாம். முடிஞ்சு போனா, முதலே புக் பண்ணின டெஸ்டுக்கோ திருத்திற இடத்துக்கோ மட்டும்தான் கொண்டு போகலாம். டெஸ்ட் எடுக்கிற இடத்திலயே விட்டுத் திருத்துவிச்சா பத்து வேலை நாளுக்குள்ள திருப்பிப் பாக்கத் தனிக் காசு இல்லை. அதனால அங்கயே குடுக்கிறது புத்தி. ஆனா முதல் டிரம், பிறகு கேபிள் எண்டு சொல்லிக் குடு. கழட்டின ஷூவக் காட்டச் சொல்லிக் கேளு, வெக்கப்படாத. நல்ல வேலைக்காரன் எண்டா கேட்ட உடன காட்டுவான்.

திருத்தும் வரைக்கும் மேட்டில நிப்பாட்டினா கியரில போட்டு விடு. ஏத்தத்தைப் பாத்து நிண்டா முதல் கியர், இறக்கத்தைப் பாத்து நிண்டா ரிவர்ஸ். ஏத்தத்தில ஸ்டியரிங்க நடைபாதைப் பக்கம் இல்லாம மறுபக்கம் திருப்பி விடு, இறக்கத்தில நடைபாதைப் பக்கம் திருப்பி விடு. உங்கட ரோட்டு விதிப் புத்தகம் ஹைவே கோடிலயும் இதான் இருக்கு. இதை நீ லைசன்ஸ் எடுக்கேக்கப் படிச்சிருப்பாய், இருந்தாலும் சொல்லுறன்.

இன்னொண்டு. அங்க சாப்பாடு, பார்சல் கொண்டு குடுக்கிற பெடியளுக்குச் சாதாரண கார் இன்சூரன்ஸ் காணாது, அதுக்கு வேற கவர் எடுக்கவேணும், எடுக்காம ஓடி ஏதும் அடிபட்டா கம்பெனி கையை விரிச்சுப்போடும் எண்டு கேள்விப்பட்டன். உனக்குத் தெரிஞ்ச பெடியள் ஆரும் அப்பிடி ஓடினா சொல்லி வை. நாள் முழுக்க வீட்டுக்கு வீடு நிப்பாட்டி நிப்பாட்டி ஓடுற காருக்கு ஹேண்ட் பிரேக் கெதியாத்தான் முடியும். ஒவ்வொரு வாசலிலயும் ஒரு இழுவை. அவங்கள் வருசத்துக்கு ஒருக்கா எண்டு காத்திருக்கக் கூடாது, மூண்டு நாலு மாசத்துக்கு ஒருக்கா டிரம்மைக் கழட்டிப் பாக்கவேணும்.

நீ சீமா கணக்கியல் சோதினை பாஸ் பண்ணின அண்டைக்கு நான் கிராண்ட்பாஸ் கராஜில எல்லாருக்கும் பணிஸும் டீயும் வாங்கிக் குடுத்தனான், மறந்திருக்க மாட்டாய். என்ர மகன் ஒபிசில இருக்கிறான் எண்டு இண்டைக்கும் சொல்லுறன். அதே வாயாலதான் இதையும் சொல்லுறன்: நான் வாழ்நாள் முழுக்க லொறி ஓடினவன்ர, வான் ஓடினவன்ர, த்ரீவீல் ஓடினவன்ர வாகனங்களைத் திருத்தித்தான் உன்னைப் படிப்பிச்சனான். இரவு ரெண்டு மணிக்கு வந்து பிரேக் பிடிக்கேல்ல எண்டு நிண்ட மனிசரை நான் ஒரு நாளும் குறைவா நினைச்சதில்லை. அவங்கட காசிலதான் உன்ர பீஸ் கட்டினது. ஓடி உழைக்கிறது எந்த ஊரிலயும் கௌரவமான வேலை. இதை ஏன் எழுதுறன் எண்டு என்னட்டக் கேக்காத, நானும் உன்னட்ட ஒண்டும் கேக்கேல்ல.

ஆனா போன் எடுக்காம விடுறது சரியில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் போனைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. ரெண்டு சொல்லுக் கதைச்சாக் காணும். வேலையைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை, என்ன சாப்பிட்டாய் எண்டு சொல்லு. நீ அனுப்பிற கட்டைவிரலைப் பாத்து அவ சந்தோசப்படுறா இல்லை.

இந்த மாசம் காசு அனுப்பாத. அடுத்த மாசமும் வேண்டாம். எங்களுக்குக் காணும், நெல்லியடிக் காணிக் குத்தகை வந்தது, என்ர மருந்தும் வாங்கியாச்சு. அந்தக் காசில பின் ஷூ ரெண்டு பக்கமும் போடு, சிலிண்டர் கசிஞ்சா அதையும் ரெண்டாப் போடு, கேபிள் கறள் எண்டாப் புதுசு போடு, டயரையும் ஒருக்காப் பாக்கச் சொல்லு. இவ்வளவு நாளும் ஒரு மாசம் பிந்தாம அனுப்பினாய், எப்பிடி அனுப்பினாய் எண்டு இப்பதான் எனக்கு யோசனையா இருக்கு.

போன டெஸ்டுக்கு முந்தின டெஸ்டில இருந்து போன டெஸ்ட் வரைக்கும் நீ ஓடினது 6,000 மைலுக்குக் கொஞ்சம் கூட. போன டெஸ்டில இருந்து இந்த டெஸ்ட் வரைக்கும் 24,000. ஒபிசுக்கு ட்ரெயினில போறன் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தனி. அம்மாக்கு நான் ஹேண்ட் பிரேக்கில பெயில் எண்டு மட்டும்தான் சொன்னனான், மைல் கணக்கைச் சொல்லேல்ல, குட்டியிட்டயும் வாய் திறக்காத எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். நீ எடுக்கேக்க அம்மாவோட முதல் கதை, பிறகு போனை என்னட்டத் தரச் சொல்லு, நான் பல்கனிக்குப் போய்க் கதைக்கிறன்.

அப்பா